சோலை ஓடைக்கு எத்தனை அடி ராடு?

மீன் பிடிக்கும் தூண்டில் ராடு வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி "இது எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். கடற்கரைக்காரருக்கு அது சரியான கேள்வி. நீலகிரி ஓடைக்கரையில் சீகை மரத்துக்கும் உன்னிப் புதருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு நிற்கப் போகிறவருக்கு அது உதவாது, ஏனென்றால் இங்கே பல ஓடைகளில் ஒரு மினி பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினால் இரண்டு கரையும் தட்டும், இருபது அடி எறிந்தால் எதிர்க்கரைக் கல்லைத் தொட்டுவிடலாம், முப்பது அடி எறிந்தால் லூர், அதாவது முள் வைத்த பொய் இரை, எதிர்க்கரை மரத்தில் காய் மாதிரி தொங்கும். நீங்கள் கேட்க வேண்டியது என் தலைக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது, எனக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்பதைத்தான். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் நீளம் தானாக வந்துவிடும்.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஸ்பின்னிங் ராடுதான் (லைன் சுற்றும் ரீல் கைப்பிடிக்கு அடியில் தொங்கும் ராடு) வாங்க முடியும், பெரும்பாலும் ஓடையும் தோட்டத்துக் குட்டையும்தான் போகப் போகிறீர்கள் என்றால் 5½ அடி, இரண்டு துண்டு, அல்ட்ராலைட் (மிக லேசான லூருக்கானது), கைப்பிடி குட்டையாக இருப்பது. அதை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். ஆனால் அந்த 5½ எங்கே காலை வாரிவிடும் என்று தெரிந்துகொள்ள மீதியையும் படித்துவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து என் அத்தான் ஒரு தடவை லீவுக்கு வந்தார். கையில் 9 அடி ராடு, கடலில் அலைக்கு அந்தப் பக்கம் எறிகிற சாமான், கூடவே கோயம்புத்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் பஸ்ஸில் எல்லோர் தலையிலும் இடித்துவிட்டு வந்த பெருமை. "இத வச்சு எறிஞ்சா அந்தக் கரைக்கே போயிரும்லா மாப்ள" என்றார். போனது. அந்தக் கரைக்கு மட்டும்தான் போனது, தண்ணீருக்குள் ஒரு தடவைகூட விழவில்லை. பத்து நிமிஷத்தில் இரண்டு ஸ்பின்னரை (சுழலும் தகடு வைத்த லூர்) மரத்துக்குக் கொடுத்துவிட்டு, ராடைக் கரையில் சாத்தி வைத்துவிட்டு, பக்கத்தில் மூங்கில் குச்சியும் தங்கூசியும் மண்புழுவுமாக உட்கார்ந்திருந்த பையனிடம் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார். பையன் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

இதைப் பார்த்துவிட்டு நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. நீளம்தான் பிரச்சினை என்று நினைத்து அடுத்த மாசமே 4½ அடியில் ஒரு ராடு வாங்கினேன், விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது, பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம். ஓடையில் அழகாக வேலை செய்தது. கரையில் இடுப்பளவு கோரை நிற்கும் இடத்துக்குப் போனதும் கதை முடிந்தது. மாட்டிய மீனைக் கோரைக்கு மேலே தூக்கிக் கொண்டுவர நீளம் இல்லை, லைன் கோரையில் உரசி, மீன் கோரைக்குள் புகுந்து, அறுந்தது. ஆக, குட்டை ராடு வாங்கினால் நெருக்கம் தீர்ந்துவிடும் என்பது பாதிதான் உண்மை. நெருக்கத்தில் பல வகை இருக்கிறது.

தலைக்கு மேலே நெருக்கம் என்பது ஒன்று. இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நின்றபடி தலைக்கு மேலாக எறியும்போது ராடு பிடித்த கை தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்தில் இருக்கும். 6 அடி ராடில் கைக்குக் கீழே 9 அங்குலம் கைப்பிடி போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டால் கைக்கு மேலே 5 அடி 3 அங்குலம் நிற்கும், நுனி 10 அடி 3 அங்குலத்தில் இருக்கும். 5 அடி ராடில் கைக்குக் கீழே 6 அங்குலம், மேலே நாலரை அடி, நுனி ஒன்பதரை அடியில். ஒரு முழு அடி குறைத்து வாங்கியதில் உங்களுக்கு மிச்சமானது ஒரு சாண். கிளை 9 அடியில் தொங்கினால் இரண்டு ராடுமே கிளையில்தான் இடிக்கும். இப்போது அந்த 6 அடி ராடையே எடுத்துக்கொண்டு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள். கை ஒன்றரை அடி இறங்கிவிட்டது, நுனி 8 அடி 9 அங்குலத்துக்கு வந்துவிட்டது, கிளைக்கு அடியில் ராடு நுழைந்துவிட்டது. அதாவது ராடை ஒரு அடி குறைப்பதைவிட முழங்காலை ஈரத்தில் வைப்பது இரண்டு மடங்கு வேலை செய்கிறது, காசும் மிச்சம், பேண்ட் துவைப்பது மட்டும்தான் செலவு. உட்கார்ந்தால் மீனுக்கு உங்கள் உருவமும் தெரியாது. ட்ரவுட் (குளிர்ந்த ஓடை மீன்) இருக்கும் தெளிந்த தண்ணீரில் இது சின்ன விஷயம் இல்லை, வானத்துக்கு எதிராக ஆள் நிழல் ஆடினால் மீன் பாறைக்கு அடியில் போய்விடும், அப்புறம் அரை மணி நேரத்துக்கு அந்தக் குழியில் எறிந்து பிரயோஜனம் இல்லை.

அதனால் மேலே மட்டும் நெருக்கம், பக்கவாட்டில் இடம் உண்டு என்றால் ரொம்பக் குட்டைக்குப் போகாதீர்கள். 6 அடியே போதும், எறிவதைத்தான் மாற்ற வேண்டும். பக்கவாட்டு எறிதலில் ராடு தரைக்குக் கிடையாக வீசுகிறது, தலைக்கு மேலே இடமே வேண்டாம். ஆனால் அது பக்கத்தில் இடம் கேட்கும். உடம்பிலிருந்து கை ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது, 5½ அடி ராடில் கைக்கு வெளியே கிட்டத்தட்ட 5 அடி, நுனியிலிருந்து தொங்கும் லூர் இன்னும் ஒரு சாண், கூட்டினால் உங்கள் வலப்பக்கம் 7 அடிக்குப் புதர் இருக்கக் கூடாது. வலது பக்கம் தேயிலைச் செடி நின்றால் கையை மார்புக்குக் குறுக்காகக் கொண்டுபோய் இடப்பக்கத்திலிருந்து எறியப் பழகிக்கொள்ளுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும் முதல் இரண்டு நாள், அப்புறம் கைக்கு வந்துவிடும்.

பின்னால் நெருக்கம், பக்கத்திலும் நெருக்கம், முன்னால் மட்டும் தண்ணீர் திறந்திருக்கிறது என்பது இரண்டாவது வகை. சோலைக்குள்ளிருந்து வெளியே வரும் ஓடைகளில் இதுதான் அதிகம். முதுகு மண் திட்டில் ஒட்டியிருக்கும், இரண்டு தோளிலும் இலை உரசும், கண்ணுக்கு முன்னால் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு. இங்கேதான் குட்டை ராடு தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. இங்கே செல்லுபடியாகும் எறிதல் இரண்டு.

முதலாவது கீழிருந்து ஊசல் மாதிரி ஆட்டி விடுவது. நுனியிலிருந்து ஒன்றரை இரண்டு அடி லைன் தொங்கவிட்டு, நுனியைக் கீழே சாய்த்து, மணிக்கட்டால் மட்டும் ஒரு சுண்டு சுண்டி, லூர் முன்னோக்கி எழும்பும்போது விரலை விடுவது. இதில் ராடின் நுனி கீழே இறங்குகிறது, அதனால் நீளம் நேரடியாகக் கணக்கில் வருகிறது. இடுப்புயரத்தில், அதாவது மூன்றரை அடியில் கை இருக்கிறது. 5 அடி ராடைப் பாதிச் சாய்வில் கீழே காட்டினால் நுனி கையிலிருந்து மூன்றேகால் அடி இறங்கும், தரையைத் தொடாது. ஆறரை அடி ராடு அதே சாய்வில் நாலு அடி இறங்கும், நுனி தண்ணீருக்குள் அல்லது சேற்றுக்குள். கரை தண்ணீரிலிருந்து இரண்டடி உயரமாக இருந்தால் ஆறரையும் ஆடும், கரை தாழ்வாக இருந்தால் ஐந்து, மிஞ்சிப் போனால் ஐந்தரை. ஒரே ஓடையில் மேல் பக்கத்தில் திட்டு உயரம், கீழ்ப் பக்கத்தில் கால் நனையும் என்று மாறி மாறி வரும், அதனால்தான் நான் ஐந்தரையில் போய் நின்றேன்.

இரண்டாவது, வில் அம்பு எறிதல். பெயரே சொல்லிவிடுகிறது. ராடை மீன் இருக்கும் இடத்தை நோக்கி நீட்டி, ராடில் பாதி நீளத்துக்கும் கொஞ்சம் அதிகமாக லைன் தொங்கவிட்டு, ரீலின் வளையக் கம்பியைத் திறந்து லைனை ஆள்காட்டி விரலில் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் லூரை இடுப்புக்குப் பக்கத்தில் இழுத்தால் நுனி வில்லாக வளையும். குறி பார்த்து லூரை விட்டு, கண் சிமிட்டும் நேரம் கழித்து விரலையும் விட்டுவிடுங்கள். பின்னால் ஒரு அங்குலம்கூட இடம் தேவையில்லை, கிளைக்கு அடியில் பதினைந்து இருபது அடி நேர்கோட்டில் போய் விழும். லூரை முள்ளின் வளைவில் பிடிக்க வேண்டும், முனைகள் விரலுக்கு வெளியே பார்க்க வேண்டும். மூன்று முள் வைத்த ஸ்பின்னரில் இதைச் செய்யாதீர்கள், நான் செய்து கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போயிருக்கிறேன், அங்கே இருந்த நர்ஸ் அக்கா "மீன் எங்கே?" என்று கேட்டார். ஒற்றை முள்ளுக்கு மாற்றிவிட்டு அதன் கூர்ச்செதிலையும் (முனையில் பின்னோக்கி நிற்கும் சின்னப் பல்) இடுக்கியால் நசுக்கிவிட்டால் விரலுக்கும் நல்லது, மீனை விடுவதற்கும் சுலபம். இந்த எறிதலுக்கு நீளத்தைவிட நுனியின் மென்மைதான் முக்கியம். கம்பி மாதிரி விறைத்த 5 அடி ராடு அம்பை விடாது, நன்றாக வளையும் 6 அடி விடும்.

மூன்றாவது வகை நெருக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது முன்னால் இருக்கிறது. கோரை, பெரணி, தண்ணீருக்கு மேல் சாய்ந்த புதர், அணை நீர் வற்றினால் தெரியும் பழைய மரக்கட்டைகள். எறிய இடம் இருக்கும், ஆனால் மீனைக் கொண்டுவரும் பாதை அடைத்திருக்கும். இங்கே குட்டை ராடு வாங்கியவர் அழுவார். 7 அடி ராடு இருந்தால் லைனைப் புதருக்கு மேலே தூக்கிப் பிடித்து நடத்திக்கொண்டு வரலாம், மீன் வலப்பக்கம் ஓடினால் நுனியை இடப்பக்கம் சாய்த்துத் திருப்பலாம். இன்னொன்று, புதருக்கு அந்தப் பக்கம் நேர் கீழே தண்ணீர் இருந்தால் எறியவே வேண்டாம், புதருக்கு மேல் ராடை நீட்டி லூரை இறக்கிவிட்டால் போதும். மூங்கில் குச்சிப் பையன் செய்வது அதுதான். அவன் குச்சி 8 அடி இருக்கும், ரீல் கிடையாது, எறிவதும் கிடையாது, இடுக்கில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

சரி, உங்கள் இடம் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் ஒட்டடை அடிக்கும் கம்பு ஒன்று இருக்கும். ஏழடிக்கு வெட்டி, கைப்பிடி முனையிலிருந்து அளந்து 5, 5½, 6, 6½ அடிகளில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ராடு வாங்குவதற்கு முன்னால் அந்தக் கம்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் வழக்கமாக நிற்கும் நாலைந்து இடத்துக்குப் போய், நின்றும் முட்டி போட்டும், தலைக்கு மேல், பக்கவாட்டு, கீழிருந்து என்று மூன்று விதமாகவும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். எந்த டேப்பில் இலை தட்டுகிறது என்று பாருங்கள். தட்டாமல் ஆடும் மிக நீளமான அளவு எதுவோ அதுதான் உங்கள் ராடு. கவனியுங்கள், மிக நீளமானது. இடம் தாங்கும் வரை நீளத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், ஒவ்வொரு அரை அடிக்கும் தூரமும் மீனைத் திருப்பும் பிடியும் குறைகிறது. தோட்டத்து வழியாகக் கம்போடு போகும்போது இலை பறிக்கும் அக்காமார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது, நான் நிற்கும் ஆறு இடத்தில் நாலு இடம் ஐந்தரைக்கு, ஒன்று ஆறரைக்கு, ஒன்று எந்த ராடுக்கும் லாயக்கில்லை.

மீன் ஏன் இந்த மாதிரி இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது என்று எரிச்சல் வரும். ட்ரவுட் இந்த மலையின் சொந்த மீன் இல்லை. 1860-களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டுப் பார்த்துச் சரிவராமல், 1900-களின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் காலத்தில்தான் பிழைத்தது, அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் வந்தது. குளிர்ந்த, ஓடுகிற, காற்றோட்டமுள்ள தண்ணீர் இல்லாமல் அதனால் இருக்க முடியாது. மார்ச் ஏப்ரலில் வெயில் ஏறினால் திறந்த குழியை விட்டுவிட்டு நிழல் விழும் கரைக்கு அடியிலும், அருவி விழும் இடத்து நுரைக்குக் கீழேயும் போய் நிற்கும். நிழல் இருக்கும் இடத்தில் மரம் இருக்கும், மரம் இருக்கும் இடத்தில் நமக்கு இடம் இருக்காது. கெண்டை வேறு ஜாதி. கண்ணாடிக் கெண்டையை 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். அது கலங்கிய குட்டையிலும் நிம்மதியாக மேயும், எடை ஏறும், மாட்டினால் நேராகக் கோரைக்குள் போகும். அதனால் தோட்டத்துக் குட்டையில் கெண்டை, ஜிலேபி மீன்தான் குறி என்றால் ஐந்தரையை விட்டுவிட்டு ஆறு அல்லது ஆறரைக்குப் போங்கள், அல்ட்ராலைட்டை விட்டு லைட்டுக்குப் போங்கள்.

கைப்பிடி பற்றிக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. அட்டையில் 5½ அடி என்று எழுதியிருப்பது அடிக்கட்டையிலிருந்து நுனிவரை. அதில் ரீலுக்குப் பின்னால் ஒரு அடி கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு வேலை செய்வது நாலரை அடிதான், மீதி ஒரு அடி உங்கள் வயிற்றை இடிக்கும். மலையில் இது இன்னும் மோசம், ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு, மஃப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறோம், மணிக்கட்டைச் சுண்டும்போது நீண்ட கைப்பிடி கோட்டின் கைக்குள் மாட்டும், லூர் காலடியில் விழும். ரீல் உட்காரும் இடத்துக்குப் பின்னால் 6, 7 அங்குலத்துக்கு மேல் இல்லாததாகப் பாருங்கள். கடையில் கோட்டைப் போட்டுக்கொண்டே ராடைப் பிடித்து மணிக்கட்டை ஆட்டிப் பார்த்தால் உடனே தெரியும். ஆன்லைனில் வாங்கினால் படத்தில் கைப்பிடியை அளக்கலாம், ரீல் இருக்கை சுமார் ஒரு கையகலம், அதை வைத்து மீதியைக் கணக்குப் போடுங்கள்.

குட்டை ராடில் இன்னொரு குறை, அது அதிர்ச்சியைத் தாங்காது. நீண்ட ராடு வளைந்து வளைந்து மீனின் துள்ளலை விழுங்கிக்கொள்ளும், குட்டை ராடில் வளைய இடம் குறைவு, துள்ளல் நேராக லைனுக்கும் முள்ளுக்கும் போகும். இதைச் சரிக்கட்ட நடுப்பகுதி வரை வளையும் ராடாக எடுங்கள், நுனி மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் இங்கே வேண்டாம். லைனும் பின்னல் நூலை விட நைலான் தங்கூசியாக இருக்கட்டும், 4 பவுண்டு அல்லது 6 பவுண்டு தாங்குவது, அது கொஞ்சம் ரப்பர் மாதிரி நீளும், மரத்தில் மாட்டினால் அறுக்கவும் முடியும். பின்னல் நூல் நீளவே நீளாது, பட்டையில் வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். டிராக்கை (மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்) லைனின் பலத்தில் கால்வாசிக்கு மேல் இறுக்காதீர்கள்.

ரீல் 1000 அளவு போதும். வீட்டில் இருக்கிறதே என்று 3000 ரீலை ஐந்தடி ராடில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆட்டுக்குட்டி முதுகில் அரிசி மூட்டை. லைன் பெரிய சுருளாக வந்து ராடில் லைன் நுழையும் சின்ன கைடு வளையத்தில் அடிக்கும், எறிதல் செத்துவிடும். லூர் 2 கிராமிலிருந்து 5 கிராமுக்குள். ராடில் கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் இந்த எடை அச்சிட்டிருக்கும். கீழ் எல்லை 5 கிராம் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள், 2 கிராம் ஸ்பின்னரில் அந்த ராடு வளையவே வளையாது, வளையாத ராடால் மணிக்கட்டுச் சுண்டலில் எதுவும் போகாது, அப்புறம் பெரிதாகக் கையை வீசுவீர்கள், வீசினால் மரம்.

அணைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. எமரால்டு, அவலாஞ்சி மாதிரி இடங்களில் தண்ணீர் இறங்கியிருக்கும் மாசங்களில் கரை முழுக்க வெறும் மண்ணும் புல்லும், பின்னால் ஒரு செடி கிடையாது, காற்று மட்டும் எதிரே அடிக்கும். அங்கே 7 அடி, 7½ அடி எடுத்துக்கொண்டு போங்கள், ஐந்தரையோடு போனால் எதிர்காற்றில் லூர் காலடிக்கே திரும்பி வரும். இரண்டுக்கும் ஒரே ராடு வேண்டும் என்பவர்கள் 6 அடியில் சமரசம் செய்துகொள்கிறார்கள், நான் அதைத் தடுக்க மாட்டேன், ஆனால் எனக்கு அது இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வருத்தம் கொடுத்தது.

அனுமதி விஷயத்தில் ஏமாறாதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் கிடையாது, முக்குறுத்தி பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ட்ரவுட்டுக்கு எந்த ஓடை, எந்த அணை, எந்த மாசம் திறந்திருக்கிறது என்பதைப் போகிற வாரம் ஊட்டியில் மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுப் போங்கள், போன வருஷம் யாரோ போனார் என்பது பதில் ஆகாது. தோட்டத்துக் குட்டை என்றால் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழையில் ஓடைப்பக்கமே வேண்டாம், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, கரை எது ஓடை எது என்று தெரியாமல் போனது.

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், இது குந்தா பக்கம் போகிறவர்கள் கட்டாயம் மனசில் வைக்க வேண்டியது. மின் நிலையங்களிலிருந்து கிளம்பும் உயர் அழுத்தக் கம்பிகள் பள்ளத்தாக்குகளைக் குறுக்கே தாண்டிப் போகின்றன, சரிவில் நின்றால் சில இடத்தில் கம்பி நினைப்பதைவிடத் தாழ்வாக வரும். நெருக்கமான இடத்தில் தலைக்கு மேலே பார்க்கும் பழக்கம் வந்தால் கிளையோடு சேர்த்துக் கம்பியையும் பாருங்கள். ஏப்ரல் மே மாத சாயங்கால இடிமழையிலும் அப்படித்தான், முதல் இடிச் சத்தம் கேட்டதும் ராடைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

கழற்றுவது என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு துண்டு ஐந்தரை அடி ராடைப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2 அடி 9 அங்குலம், பஸ்ஸில் மேல் தட்டில் படுக்க வைக்கலாம், மடியிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே துண்டு ராடு பிடிக்க நன்றாக இருக்கும், வளைவு சீராக இருக்கும், ஆனால் ஊட்டி மஞ்சூர் பஸ்ஸில் அதைக் கொண்டுபோய்ப் பாருங்கள். என் முதல் ராடின் நுனி பஸ் கதவில் போனது. உள்ளே உள்ளே மடிகிற டெலஸ்கோப் ராடு வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கெண்டைக்குப் புழு போட்டு உட்கார ஓகே. சுண்டி எறிவதற்கு அதன் வளைவு முரண்டு பிடிக்கும், மணல் புகுந்தால் மூட்டு சிக்கிக்கொள்ளும்.

புதருக்குள் நடக்கும்போது கைப்பிடி முன்னால், நுனி பின்னால். எல்லோரும் ஈட்டி மாதிரி நுனியை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறார்கள், தடுக்கினால் முதலில் உடைவது நுனி. பின்னால் இழுத்துக்கொண்டு போனால் நீங்கள் நுழைந்த வழியாகவே அதுவும் நுழைந்து வரும். லூரைக் கைடு வளையத்தில் மாட்டாமல் கைப்பிடிக்கு மேலே இருக்கும் சின்னக் கொக்கியில் மாட்டி லைனை இறுக்கிக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு மேல் தேயிலைக்குள் காட்டுமாடு இறங்கும், கரடியும் வரும், தூரத்தில் புதர் அசைந்தால் சட்டென்று பின்வாங்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் லூர் செடியில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து மணிக்கெல்லாம் ரோட்டுக்கு ஏறிவிடுவது என் வழக்கம்.

எவ்வளவு சரியான நீளம் வாங்கினாலும் லூர் மரத்தில் மாட்டத்தான் செய்யும். அப்போது ராடை வளைத்து வெடுக்கென்று இழுக்காதீர்கள், லூர் விடுபட்டால் நேராக முகத்துக்குத்தான் வரும், கண்ணாடி போடாதவர்கள் இதற்காகவே ஒன்று வாங்கிக்கொள்ளலாம். முதலில் லைனைத் தளர்த்தி நுனியை லேசாக உதறிப் பாருங்கள், சுற்றிக்கொள்ளாமல் வெறுமனே தொங்கினால் அதிலேயே விழுந்துவிடும். விழவில்லையா, ராடை மரத்தை நோக்கி நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மஃப்ளரைக் கையில் சுற்றி அதில் லைனை இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் நடந்துகொண்டே நிதானமாக இழுங்கள். கிளை வளையும், முள் நிமிரும் அல்லது லைன் அறும். அறுந்த லைன் கைக்கு எட்டினால் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், பறவை கால் சிக்கும்.